ஐஇஎல்டிஎஸ்: கோச்சிங் கிளாஸா, சொந்தப் படிப்பா, ஆப்பா?

நர்சிங் முடித்து இங்கிலாந்து போக நினைப்பவர்கள், மேற்படிப்புக்கு ஆஸ்திரேலியா, கனடா என்று விண்ணப்பிக்கும் மாணவர்கள், யாராக இருந்தாலும், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு முதலில் கேட்பது "எந்த கிளாஸ்ல சேரலாம்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி, எந்தப் பகுதிக்கு கிளாஸ் தேவை என்பது. ஐஇஎல்டிஎஸ் பெயருக்குத்தான் ஒரே தேர்வு. லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்ற நான்குக்கும் தயாராகும் முறை வேறு வேறு.

லிசனிங், ரீடிங் இரண்டிலும் தலா 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அகடமிக் பிரிவில் 30 சரியாக இருந்தால் ஏறத்தாழ பேண்ட் 7, 35 இருந்தால் 8 (பேண்ட் என்பது 9 வரை போகும் மதிப்பெண் தரம்). சரியான விடைகள் கையில் இருந்தால் உங்களை நீங்களே நேர்மையாகத் திருத்திக்கொள்ளலாம். ரைட்டிங்கும் ஸ்பீக்கிங்கும் அப்படி இல்லை. நாம் எழுதியதை நாமே பத்து முறை படித்தாலும் நம் தவறு கண்ணில் படாது. எனவே முதல் இரண்டுக்கு உழைப்பைப் போடுங்கள், பின்னிரண்டுக்கு இன்னொரு மனிதரைத் தேடுங்கள்.

கோச்சிங் கிளாஸில் நல்லது இல்லாமல் இல்லை. தினமும் ஒரு நேரத்துக்குப் போய் உட்கார வைக்கிறது. வாரா வாரம் மாதிரித் தேர்வு வைக்கிறார்கள். வீட்டில் படிக்கச் சூழல் இல்லாதவர்களுக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கும் இந்த ஒழுங்கு பெரிய உதவி. ஆனால் பெரிய பேட்ச் என்றால் ரீடிங் வகுப்பு விடைகளை வாசித்துச் சொல்வதோடு முடிந்துவிடும். அதற்கு ஆசிரியர் தேவையில்லை, புத்தகத்தின் கடைசிப் பக்கமே போதும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது டெம்ப்ளேட் விஷயத்தில். "இன் திஸ் மாடர்ன் எரா" என்று தொடங்கி, நடுவில் இரண்டு வெற்றிடம் விட்டு, "டு கன்க்ளூட்" என்று முடியும் கட்டுரையை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் அதில் பொருத்திவிடலாமாம். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் இதை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார். மனப்பாட வரிகள் மதிப்பெண் கூட்டித் தருவதில்லை. உங்கள் சொந்த வாக்கியம் தொடங்கும் இடத்தில் தரம் சட்டென்று இறங்குவதும் அப்பட்டமாகத் தெரியும். சேர்வதற்கு முன் இதை மட்டும் கேளுங்கள்: என் கட்டுரையை யார் திருத்துவார், வாரத்துக்கு எத்தனை, ஏற்கெனவே திருத்திய தாள் ஒன்றைக் காட்ட முடியுமா? பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம்.

சொந்தப் படிப்புக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாதிரித் தேர்வுத் தொகுப்புகளை நம்பலாம். ஒரு புத்தகத்தில் நான்கு முழுத் தேர்வுகள் இருக்கும். பலர் செய்வது, வாங்கியவுடன் நான்கையும் வரிசையாக எழுதி, மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த புத்தகத்துக்குத் தாவுவது. அதனால் மதிப்பெண் ஏறுவதில்லை. ஒரு ரீடிங் தேர்வு எழுத 60 நிமிடம் என்றால், தவறிய ஒவ்வொரு கேள்வியையும் அலச அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

நம்மில் பலர் வழுக்கும் இடம் 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' கேள்விகள். பத்தியில் "அந்த நகரத்தில் சைக்கிள் ஓட்டுவோர் எண்ணிக்கை உயர்ந்தது" என்று இருக்கிறது. கேள்வியில் "அந்த நகரத்தில் கார் ஓட்டுவோர் குறைந்தனர்" என்று வருகிறது. சைக்கிள் கூடினால் கார் குறையத்தானே செய்யும் என்று மனம் சொல்லும், ட்ரூ என்று போட்டுவிடுவோம். பத்தி கார்களைப் பற்றிப் பேசவே இல்லை, எனவே விடை நாட் கிவன். இப்படித் தவறிய கேள்விக்குப் பக்கத்தில் "நானாக ஊகித்தேன்" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். சில தேர்வுகளுக்குப் பிறகு உங்கள் தவறுகள் இரண்டு மூன்று வகைக்குள் அடங்கிவிடுவதைப் பார்ப்பீர்கள். அந்த நோட்டு எந்த கிளாஸிலும் கிடைக்காது.

லிசனிங்குக்கும் இதே முறைதான். தேர்வில் ஆடியோ ஒரே ஒரு முறைதான் ஓடும். எழுதி முடித்த பிறகு, புத்தகத்தின் பின்னால் இருக்கும் உரையை வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பம், சொல்லின் கடைசியில் வரும் பன்மை 'ஸ்' காதில் விழாமல் போவது, இவை இரண்டும் பரவலான இழப்புகள். ஸ்பெல்லிங் தவறினால் அந்த மதிப்பெண் போயிற்று. கணினியில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடைசியில் சரிபார்க்கக் கிடைப்பது 2 நிமிடம் மட்டுமே. எனவே கேட்கும்போதே டைப் செய்யப் பழகுங்கள்.

மொபைல் ஆப்கள் பஸ்ஸில் போகும்போது சொல்வளம் பெருக்க உதவும், அதோடு சரி. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து மூன்று நீண்ட பத்திகளைப் படிக்கும் பழக்கத்தை ஐந்து நிமிட வினாடி வினா தராது.

ரைட்டிங்கில் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள். டாஸ்க் 1-க்குக் குறைந்தது 150 சொற்கள், டாஸ்க் 2-க்கு 250, இரண்டுக்கும் சேர்த்து 60 நிமிடம். டாஸ்க் 2-க்கு இரட்டை மதிப்பு. கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறோமா, கருத்துகள் கோவையாக வருகின்றனவா, சொல்வளம், இலக்கணம் என நான்கு அளவுகோல்கள் உண்டு, நான்கும் சம எடை. தனியாக உட்கார்ந்து கட்டுரை திருத்தித் தரும் ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தால், மூன்று மாத முழு கிளாஸைவிட அவரிடம் திருத்தி வாங்கும் சில கட்டுரைகள் மேல். தமிழில் சிந்திப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் உண்டு: 'ஏ', 'தி' விட்டுப்போவது, 'பீப்பிள் இஸ்' என்று எழுதுவது, 'டிஸ்கஸ் அபௌட்' போன்ற கூடுதல் சொற்கள். சிவப்பு மையில் ஒரே பிழை மூன்றாம் முறை வட்டமிடப்படும்போது கை தானாக நிற்கும்.

ஏஐ செயலியில் கட்டுரையைப் போட்டுப் பார்ப்பது இப்போது எல்லோரும் செய்வதுதான். இலக்கணப் பிழையைச் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள், நல்லது. ஆனால் திருத்தி எழுதித் தரச் சொல்லாதீர்கள். அது தரும் பேண்ட் எண்ணையும் நம்பி தேர்வுத் தேதி குறிக்காதீர்கள்.

ஸ்பீக்கிங்குக்கு கிளாஸைவிட ஒரு தோழியோ நண்பரோ போதும், அவரும் தேர்வு எழுதுபவராக இருந்தால் இன்னும் நல்லது. மொத்தம் 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு அட்டை தருவார்கள், யோசிக்க 1 நிமிடம், பேச 2 நிமிடம் வரை. போனில் ரெக்கார்ட் செய்து கேட்டால், எந்த இடத்தில் பேச்சு அறுந்து "ஆக்சுவலி, ஆக்சுவலி" என்று நிற்கிறது என்பது தெரிந்துவிடும். தமிழ் வாடை அடிக்கும் உச்சரிப்புக்காக மதிப்பெண் குறையாது. தெளிவாகப் புரிகிறதா என்பதே கணக்கு. எனவே 'ஆக்சென்ட் டிரெய்னிங்' என்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நர்ஸ்களுக்கு ஓஇடி என்ற மாற்றுத் தேர்வும் உண்டு. அதில் நோயாளி குறிப்பைப் பார்த்துக் கடிதம் எழுதுவதும், நோயாளியிடம் பேசுவதுபோல நடித்துக் காட்டுவதும் வரும். அங்கே மருத்துவமனைப் பேச்சு தெரிந்த ஆசிரியரிடம் போவது பலன் தரும். இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலான என்எம்சி இரண்டு தேர்வையும் ஏற்கிறது. ஐஇஎல்டிஎஸ் என்றால் ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். 2018 இறுதி வரை ரைட்டிங்கிலும் 7 கேட்டார்கள்.

மற்ற மூன்றிலும் 7.5 வாங்கி, ரைட்டிங்கில் மட்டும் 6-ல் நிற்பவர்கள் மறுபடி முழு கோர்ஸில் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கணினியில் எழுதியவர்களுக்கு, 60 நாளுக்குள் ஒரே ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் ஒன் ஸ்கில் ரீடேக் வசதி உண்டு. எல்லா நிறுவனங்களும் அந்த மதிப்பெண்ணை ஏற்பதில்லை. விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகமோ கவுன்சிலோ ஏற்குமா என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். அதுவரை வாரம் இரண்டு கட்டுரை, திருத்தத்தோடு.