கெய்ட்லின் கிளார்க் ஆடிய பந்து: வில்சன் ஈவோ நெக்ஸ்ட், சைஸ் 6

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்கின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பந்து வாங்கக் கிளம்பும் பெண்கள் முதலில் கவனிக்க வேண்டியது பந்தின் மேல் அச்சிட்டிருக்கும் அளவை. 28.5 அங்குலம் என்றால் பெண்களுக்கான சைஸ் 6, எடுங்கள். 29.5 என்றால் அது ஆண்களுக்கான சைஸ் 7. ஆன்லைனில் இரண்டும் ஒரே படத்தோடு ஒரே பக்கத்தில் விற்பனைக்கு இருக்கும், அவசரத்தில் மாறிப்போகும்.

சுற்றளவில் ஓர் அங்குலம் என்பது விட்டத்தில் சுமார் 8 மில்லிமீட்டர்தான். எடையில் ஏறக்குறைய 57 கிராம் குறையும். வளையம் மட்டும் இருவருக்கும் அதே 18 அங்குலம். சின்னப் பந்து என்பதால்தான், என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) முதல் பிரிவில் அதிகப் புள்ளிகள் என்ற கிளார்க்கின் சாதனை சாத்தியமானது என்று சொல்கிறவர்களின் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. லினெட் உட்டர்ட் 1977 முதல் 1981 வரை கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக 3,649 புள்ளிகள் எடுத்தது பெரிய பந்தில், மூன்று புள்ளிக் கோடே (இதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) இல்லாத காலத்தில். பெண்களுக்குச் சின்னப் பந்து 1984–85 சீசனில்தான் வந்தது. அந்த மரியாதையை உட்டர்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கிளார்க் அயோவா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய நான்கு சீசன்களில் மூன்றில், அந்தக் கோடு வளையத்திலிருந்து 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. அவர் அதற்கும் பின்னால் நின்று போட்டார். 3,951 புள்ளிகள், 548 மூன்று புள்ளி ஷாட்டுகள். பந்து சின்னது என்பதை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

ஈவோ நெக்ஸ்ட்டை அவர் ஆடிய என்சிஏஏ போட்டித் தொடரில் பார்க்கலாம். 2024 ஏப்ரல் 1 அன்று எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியை 94–87 என்று வென்ற ஆட்டத்தில் 41 புள்ளிகள், 12 அசிஸ்ட் (தோழி புள்ளி எடுக்க உதவிய பாஸ்), 9 மூன்று புள்ளி ஷாட்டுகள். புள்ளிகளைவிட அந்த 12 அசிஸ்டுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வேன். பந்தைத் தட்டுவதை நிறுத்தாமலே, ஓட்டத்தோடு ஒரே கையால் பாதி கோர்ட் தாண்டிப் பாஸ் கொடுப்பார். ஓடுகிற தோழியின் கைக்கு முன்னால் பந்து போய்ச் சேரும். இன்னொரு கையை வைத்துப் பிடித்துக்கொள்ள நேரமில்லாத அந்தப் பாஸில்தான் பந்தின் மேலுறை முக்கியமாகிறது. மைக்ரோஃபைபர் உறை மெத்தென்று இருக்கும், வியர்வைக் கையிலும் வழுக்காது. தையல்போல ஓடும் பள்ளங்களிலும் அதே பிடிப்பு இருப்பதால் விரல் எங்கே விழுந்தாலும் பந்து கையில் நிற்கும். சாதாரண ரப்பர் பந்தில் விரல் பள்ளத்தில் விழுந்தால் சறுக்கிவிடும்.

எடை குறைவு என்பதில் ஒரு பொறியும் இருக்கிறது. கையாலேயே எறிந்துவிடலாம் என்று தோன்றும். கிளார்க்கின் தூர ஷாட்டுக்கு விசை முழங்கால் மடிப்பிலிருந்து வருகிறது, கை திசையை மட்டும் காட்டுகிறது. வளையத்திலிருந்து 5 அடியில் தொடங்குங்கள். பத்துக்கு ஏழு விழுந்தால் ஓர் அடி பின்னால் போங்கள். பந்து வளையத்தைத் தொடாமல் முன்னாலேயே விழுந்தால் கால் வேலை செய்யவில்லை. இடம் வலமாகத் தவறினால் துணைக் கையின் கட்டைவிரல் பந்தைத் தள்ளுகிறது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் பின்னால் போனால் தோள்தான் வலிக்கும். அவருக்குப் பிடித்த, இடப்பக்கம் போய்ப் பின்னால் அடியெடுத்துப் போடும் ஷாட்டை அப்புறம் பழகிக்கொள்ளலாம்.

காற்றழுத்தம் 7 முதல் 9 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரை. 7-இல் தொடங்கிப் பாருங்கள். சுமார் 6 அடி உயரத்திலிருந்து விட்டால் மார்பளவுக்கு எழும்ப வேண்டும். அதற்கு மேல் துள்ளினால் ஷாட் வளையத்தில் பட்டுத் தெறித்து ஓடும். பம்ப் ஊசியை நனைக்காமல் குத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. வால்வு கிழிந்து காற்று மெல்லக் கசியத் தொடங்கிவிடும், பிறகு சரிசெய்வது கஷ்டம். இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும். ஊசியை நேராக இறக்குங்கள்.

குறை என்றால், இது உள்ளரங்குப் பந்து. சிமெண்ட் தரையில் தட்டினால் உறை சீக்கிரம் தேய்ந்து பளபளத்துவிடும், பிடிப்பு போய்விடும். தூசி ஏறினாலும் வழுக்கும். ஈரத் துணியில் துடைத்து நிழலில் உலர்த்துங்கள், ஸ்பிரிட் போடாதீர்கள். புதுப் பந்து முதல் சில நாட்கள் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆட ஆடச் சரியாகும். வெளித்தரையில் மட்டும் ஆடுகிறவர்கள் சைஸ் 6 ரப்பர் பந்தே வாங்கலாம். 'ரெப்ளிகா' என்று போட்டு வருவதும் என்சிஏஏ முத்திரையோடுதான் இருக்கும், ஆனால் உறை வேறு. போட்டிப் பந்து வேண்டும் என்றால் பெட்டியில் 'ரெப்ளிகா' என்ற சொல் இல்லை என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.