நோ யுவர் மீம் தளம்: மீம் எங்கே பிறந்தது என்று சொல்லும், எப்படிப் படிக்கப்படும் என்று சொல்லாது

மீம்களுக்குக் கலைக்களஞ்சியம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், இன்றும் நோ யுவர் மீம் (Know Your Meme) தளத்தைத்தான் காட்ட வேண்டும். 2008-இல் தொடங்கியது. இலவசம்தான், ஆனால் விளம்பரத் தொல்லை உண்டு. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் இணையக் காப்பகத்தில் இதைச் சேர்த்து வைத்திருக்கிறது. வேறொரு பண்பாட்டிலிருந்து வந்த மீமைப் பார்த்து, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விழிப்பவருக்கு இது எவ்வளவு கைகொடுக்கும்? பாதி. அந்தப் பாதியை வேறு யாரும் இவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

பக்கத்தைத் திறந்ததும் முதலில் நிலைக் குறிப்பைப் பாருங்கள். ‘கன்ஃபர்ம்டு’ என்றிருந்தால் ஆசிரியர் குழு சரிபார்த்தது. ‘சப்மிஷன்’ என்றால் யாரோ எழுதி அனுப்பியது, அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பிறகு தோற்றம், அதன்பின் பரவல் என்ற வரிசையில் படியுங்கள். மீமின் பெயரே தெரியாதென்றால், படத்திலுள்ள எழுத்தை வெட்டிவிட்டு, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பெயரைக் கண்டுபிடியுங்கள். எழுத்தோடு போட்டால் தேடல் அந்த வாசகத்தின் பின்னால் போய்விடும்.

தளத்தின் பலம் தெரிய வேண்டுமென்றால் ‘டிஸ்ட்ராக்டட் பாய்ஃபிரண்ட்’ பக்கத்தைப் படிக்கலாம். காதலி பக்கத்தில் இருக்க, கடந்துபோகும் இன்னொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கும் ஆண். 2015-இல் ஸ்பெயினில் விற்பனைக்காக எடுக்கப்பட்ட படம் அது. தெரிந்தவரை அதை முதலில் மீமாக்கியது, 2017 ஜனவரியில் துருக்கியின் ராக் இசை ரசிகர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் குழு. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் ஆங்கில ட்விட்டரில் வெடித்தது. மீம் என்றாலே அமெரிக்கச் சரக்கு என்ற எண்ணத்தை இந்த ஒரு பக்கமே உடைத்துவிடும்.

ஆனால் அதே படத்தை ஓர் இணைய நிறுவனம் ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் போட்டபோது, 2018-இல் ஸ்வீடனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பெண்களை மாற்றிக்கொள்ளும் பொருளாகக் காட்டுகிறது என்பது அதன் வாதம். உலகம் முழுக்க, வாசகத்தை மாற்றி மாற்றி ஒட்டும் வெறும் வார்ப்புருவாக ஓடிய படம், ஓரிடத்தில் அதன் உள்ளடக்கத்துக்காகவே படிக்கப்பட்டது. எங்கே, ஏன் இப்படி நடக்கும் என்பதைத் தோற்றக் குறிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சொல்லாது.

தவளை பெப்பே இதைவிடக் கடினமான சோதனை. 2005-இல் ஓர் அமெரிக்கச் சித்திரக்கதையில் பிறந்த சாதுவான பாத்திரம் அது. இனவெறியர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதால், யூத வெறுப்பை எதிர்க்கும் அமெரிக்க அமைப்பான ஆன்டி டிஃபமேஷன் லீக் 2016-இல் அதை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தவளையின் எல்லாப் பயன்பாடும் வெறுப்பல்ல என்றும் சொன்னது. 2019-இல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் அதையே தங்கள் எதிர்ப்பின் முகமாக ஏந்தினார்கள். யார் சொல்வது சரி என்று கேட்பதே தவறான கேள்வி. இத்தகைய மீம்களுக்குப் பரவல் பகுதியை ஆண்டு வாரியாக மட்டுமல்ல, நாடு வாரியாகவும் பிரித்துப் படிக்க வேண்டும். தளம் பிரித்துத் தராது, நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

பெரிய குறை, ஒரு மீம் எவ்வளவு தேடப்பட்டது என்று தளம் காட்டும் வரைபடம். அது கூகுள் ட்ரெண்ட்ஸ் தரவு. சீனப் பெருநிலத்தில் கூகுள் முடக்கப்பட்டிருப்பதால், சீனச் சமூக ஊடகங்களான வெய்போவிலும் வீசாட்டிலும் கொடிகட்டிப் பறந்த மீம்கூட அதில் தட்டையான கோடாகத் தெரியும். ஒரே மீமுக்குப் பல மொழிகளில் பல பெயர்கள் இருந்தால் எண்ணிக்கை சிதறிவிடும். அந்தக் கோட்டை வைத்து ஒரு மீம் செத்துவிட்டது என்று சொல்லாதீர்கள்.

முகபாவத்தை எப்படிப் படிப்பது என்பதற்கும் இங்கே உதவி குறைவு. ஜப்பானியர்கள் உணர்ச்சியைக் கண்ணிலும் அமெரிக்கர்கள் வாயிலும் அதிகம் தேடுவதாக 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரு நாட்டு எழுத்துமுகங்களிலும் அது தெரியும்: ^_^ கண்ணால் சிரிக்கிறது, :) வாயால். வாய் மட்டும் இளித்து, கண் வெறித்திருக்கும் படம் ஒருவருக்கு மகிழ்ச்சி, இன்னொருவருக்குப் போலிச் சிரிப்பு. வீசாட்டின் சாதாரணப் புன்னகை எமோஜியையே சீன இளைஞர்கள் பலர் ஏளனமாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களோ அதை அன்பாகத்தான் அனுப்புகிறார்கள். நாடு ஒன்றுதான், வயது வேறு.

ஆய்வுக்கும் மொழிபெயர்ப்புக்கும் இத்தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்போம். விளம்பரத்துக்கோ பல நாட்டவர் இருக்கும் அலுவலகக் குழுவுக்கோ மீம் தேர்ந்தெடுப்பவர்கள் இதோடு நிற்கக் கூடாது. வாசகம் இல்லாத வெறும் படத்தை, அது போய்ச் சேரும் சமூகத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். வயது வித்தியாசம் இருக்கட்டும். படத்தில் இருப்பவர் என்ன நினைக்கிறார், யார் பக்கம் நியாயம் என்ற இரண்டே கேள்விகள் போதும். வேடிக்கையாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். பதில்கள் எதிரெதிராக வந்தால், வாசகத்தை மாற்றிப் பயனில்லை. படத்தையே மாற்றுங்கள்.