எழுத்து படிக்கப் பாட்டு: வீடியோவா, சுவர்ச் சார்ட்டா?

சின்னக் குழந்தைக்கு எழுத்து சொல்லித்தரப் பாட்டு உதவுமா என்று இன்று யாரும் கேட்பதில்லை. 2022-ல் தமிழக அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ வந்த பிறகு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாட்டுக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அங்கன்வாடிகளில் அதற்கு முன்பிருந்தே பாட்டுத்தான் பாடம். எதை வைத்துப் பாடுவது என்பதில்தான் குழப்பம். அ, ஆ, இ வரிசையையே ராகம் போட்டுச் சொல்லலாம். போனிலோ டிவியிலோ வீடியோ பாட்டு போடலாம். அல்லது சார்ட்டில் பாட்டைப் பெரிதாக எழுதி மாட்டி, குச்சியால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டபடி நாமே பாடலாம். நான் பிடித்துக்கொண்டது கடைசி வழியை.

வரிசைப் பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 12 உயிரெழுத்தும் வாயில் ஏறிவிடும். ஆனால் ‘எ’ எது என்று கேட்டால் குழந்தை அ-விலிருந்து ஓடிவந்துதான் அதைப் பிடிக்கும். தமிழில் உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டும் வரும். நடுவிலும் கடைசியிலும் வருபவை உயிர்மெய்யும் மெய்யும். ஆகவே இந்தப் பாட்டு சொல்லின் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடும், உள்ளே கூட்டிப்போகாது.

வீடியோவுக்குச் சில நன்மைகள் நிச்சயம் உண்டு. பாடக் கூச்சப்படும் அம்மாவுக்கும், புதிதாகச் சேர்ந்த டீச்சருக்கும் அது கைகொடுக்கும். குழந்தை அடம்பிடிக்காமல் உட்காரும். சங்கடம் என்னவென்றால், திரையில் முயல் குதிக்கும்போது கண் முயலோடு போகிறது, கீழே ஓடும் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. இதையாவது எழுத்து பெரிதாக, படம் அசையாமல் இருக்கும் வீடியோவாகத் தேடி எடுத்தால் ஓரளவு சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாத குறை ஒன்று இருக்கிறது. நான் சார்ட்டின் பக்கம் போனதற்குக் காரணமே அதுதான்.

மாத்திரை, அதாவது எழுத்து ஒலிக்கும் நேர அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணத்தில் படித்ததுதான். தமிழில் அந்த ஒரு மாத்திரைக்குள் பொருளே மாறிவிடுகிறது. கல் வேறு கால் வேறு, பல் வேறு பால் வேறு. பாட்டின் மெட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது. தாளத்தை நிரப்ப ‘கல்’லை இழுத்தால் குழந்தையின் காதில் விழுவது ‘கால்’. வாரம் முழுக்க அப்படிக் கேட்ட குழந்தை சிலேட்டில் ‘கல்’ எழுதும்போது தாராளமாகத் துணைக்கால் போடும். அதைக் கவனக்குறைவு என்று திட்டுகிறோம். கேட்டதைத்தான் அது எழுதியிருக்கிறது. வேறு மொழிக்குப் போட்ட மெட்டில் தமிழ்ச் சொல்லைத் திணித்த பாட்டுகளில் இது இன்னும் மோசம். வீடியோவின் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தாலும் தீராது. குறில், நெடில் இரண்டும் சேர்ந்தே நீளும், குறில் நெடிலாகவே கேட்கும். நாமே பாடும்போது எங்கே இழுப்பது, எங்கே வெட்டுவது என்பது நம் கையில் இருக்கிறது. தாலாட்டு மெட்டு இதற்கு ஆகாது, அதன் அழகே இழுப்பில்தான். கும்மி நடை சரியாக வரும்.

முதல் சார்ட்டுக்கு இப்படி நான்கு வரி போதும்:

மலை மேலே மாலை
கல் மேலே கால்
இலை மேலே ஈ
பல் மேலே பால்

மொத்தம் 12 சொல். ‘மேலே’ நான்கு முறை வருவதால் புதிதாகப் படிக்க வேண்டியவை ஒன்பதுதான். ஒவ்வொரு வரியிலும் முதல் சொல் குறிலில் தொடங்குகிறது, கடைசிச் சொல் அதே எழுத்தின் நெடிலில். மோனையும் தானாக அமைந்துவிடுகிறது. குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்குக் கைகளை விரித்து ஒரு இழுப்பு. ‘மலை’, ‘மாலை’, ‘இலை’ மூன்றிலும் ‘லை’யை மட்டும் இழுக்க வேண்டாம். சொல்லின் கடைசி ஐ பேச்சிலேயே குறுகித்தான் ஒலிக்கும்.

முழுச் சார்ட்டைக் குறுக்குவாட்டில் வைத்துக் கருப்பு மார்க்கரால் எழுதுங்கள். எழுத்தின் உயரம் 5 செ.மீ. இருந்தால் கடைசி வரிசைக் குழந்தைக்கும் தெரியும். சொல்லுக்கும் சொல்லுக்கும் மூன்று விரல் இடைவெளி. ‘மேலே’யில் இரட்டைக்கொம்பு ம-வோடும் ல-வோடும் ஒட்டி நிற்க வேண்டும், தள்ளி எழுதினால் குழந்தை அதைத் தனி எழுத்தாக எண்ணி முழிக்கும். அழகுக்காக எழுத்துக்கு ஒரு நிறம் போடுவது பலர் செய்யும் தவறு, சொல் துண்டு துண்டாகிவிடும். படம் வேண்டுமென்றால் வரியின் ஓரத்தில் சின்னதாக வரையலாம். பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒரு பக்கத்துக் குழந்தைகளுக்கு எழுத்தே தெரியாது. நான்கு ஓரத்திலும் செல்லோ டேப் ஒட்டினாலே சார்ட் ஒரு பருவம் தாங்கும். தரையில் உட்காரும் குழந்தையின் கண்மட்டத்துக்குச் சற்று மேலே மாட்டுங்கள்.

தொட்டுக்காட்டத் தென்னை ஈர்க்கு போதும். விரலை வைத்தால் எழுத்து மறையும். ஈர்க்கு சொல்லின் அடியில் நிற்க வேண்டும், குரல் சொல்லுக்கு வரும் அதே நொடியில் ஈர்க்கும் வர வேண்டும். குரல் முந்தினால் குழந்தை காதை நம்பிக் கண்ணை விட்டுவிடும். முதல் நாள் சார்ட்டே வேண்டாம், வெறும் பாட்டும் கையசைவும். இரண்டாம் நாள் சார்ட். மூன்றாம் நாள் ஒரு சொல்லைத் தாளால் மூடிப் பாடி, மூடியிருப்பது என்ன என்று கேட்கலாம். நான்காம் நாள் ஈர்க்கு குழந்தையின் கையில்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கென்று ஒரு சேதி. ராகிக்களி எல்லாக் குழந்தைக்கும் தெரிந்தது, முதல் பாட்டிலேயே வைக்க ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். ராகியின் நடுவில் வரும் க மெலிந்து ஒலிக்கிறது, களியின் க வல்லென்று ஒலிக்கிறது. கேழ்வரகு என்றாலோ ஒரே சொல்லில் இரண்டும் வந்துவிடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் நிறைய. அந்த மொழிகளில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு என்பதால், வீட்டில் அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை இங்கே இன்னும் திணறும். க, ச, ட, த, ப வரும் சொற்களை எடுத்தால் முதல் மாதம் க-வும் ப-வும் சொல்லின் முதலில் மட்டும் வரட்டும். மேலே உள்ள நான்கு வரியும் அப்படி அமைத்ததுதான். கால், பால் இரண்டும் தெலுங்குக் குழந்தைக்குக் காலு, பாலு. கன்னடக் குழந்தைக்குக் கல்லு, காலு, எலெ தெரியும். பொருள் பாதி வீட்டிலிருந்தே வந்துவிடுகிறது.

சார்ட்டுக்கும் ஒரு ஆபத்து உண்டு. மூன்றே நாளில் பாட்டு மனப்பாடம் ஆகிவிடும், சுவரைப் பார்க்காமலே குழந்தை ‘படிக்கும்’. பெற்றோர் அசந்துபோவார்கள். ஏமாற வேண்டாம். மூன்றாம் வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், ‘மாலை’யை மட்டும் தொட்டுக் கேளுங்கள்.

நான் சொல்வது ஐந்து, ஆறு வயதுக்கு. மூன்று வயதுக் குழந்தைக்கு இத்தனை ஒழுங்கு தேவையா என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை, அந்த வயதில் பாட்டும் கைதட்டலும் போதும் என்றே தோன்றுகிறது. 40 பேர் உட்காரும் அறையில் ஒரு சார்ட் எடுபடாது, இரண்டு குழுவாகப் பிரித்துத்தான் பாட வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு பாட ஆள் இல்லாத குழந்தைக்குப் போனையும் விட்டுவிட வேண்டியதில்லை. டீச்சர் தன் குரலிலேயே பாட்டைப் பதிவு செய்து, சார்ட்டின் போட்டோவோடு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடலாம். மாத்திரையும் கெடாது, அசையும் முயலும் இருக்காது.

வார முடிவில் அதே 12 சொல்லையும் பழைய காலண்டர் அட்டையில் தனித்தனியாக எழுதி வெட்டித் தரையில் பரப்புங்கள். ஒன்றும் சொல்லாமல் ‘பல் மேலே ஈ’ என்று மூன்று அட்டையை அடுக்கிவிட்டுக் காத்திருங்கள். மனப்பாடக் குழந்தை ‘பல் மேலே பால்’ என்று பாடிவிடும். எழுத்தைப் பார்த்த குழந்தை பாதியில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். முதல் குழந்தைக்கு அந்தச் சார்ட் இன்னொரு வாரம் சுவரிலேயே இருக்கட்டும்.