கிரீம் டி லா மேர்: பாதி முகம், 12 வாரம்

மார்கழிப் பனியில் ஆரம்பித்து பங்குனி வெயில் ஏறும்வரை வைத்துப் பார்த்தது. வலக் கன்னம் லா மேர் என்ற விலை கூடிய முகக் கிரீம், இடக் கன்னம் நீல டப்பா நிவியா. இரவில் மட்டும். ஊர் பொள்ளாச்சிப் பக்கம்; பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் போர் தண்ணியும் சேர்ந்து தோலை உரிக்கும்.

போட்டிக்கு நிவியா எதற்கு என்றால், இரண்டு டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள். லா மேரில் கடல்பாசிச் சாறுக்கு அடுத்து மினரல் ஆயில், பெட்ரோலேட்டம் (வாசலின்), கிளிசரின். கீழே மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வரும் லானோலின் ஆல்கஹால். 1911-இல் வந்த நிவியாவிலும் தண்ணீருக்குப் பிறகு முன்வரிசையில் பெரும்பாலும் இதே ஆட்கள்தான். எண்ணெய்க்குள் நீரை அடைத்த கிரீம் இரண்டும். தோலின் ஈரம் ஆவியாகாமல் மூடி போடுவதே வேலை. மாதக்கணக்கில் புளிக்க வைத்ததாகக் கம்பெனி சொல்லும் பாசிக்குத்தான் ஐந்திலக்க விலை.

பூசுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முகம் கழுவி ஒத்தி எடுத்து, ஈரம் காயுமுன் போட வேண்டும். ஒரு கன்னத்துக்குத் துவரம்பருப்பு அளவு போதும். விரல்களுக்கிடையில் தேய்த்து வெள்ளை நிறம் மங்கியபின் ஒத்துங்கள், இழுக்காதீர்கள். கூடினால் தலையணை உறைதான் பளபளக்கும். இந்த அளவில் 84 இரவு கழிந்தும் 30 மில்லி டப்பா தீரவில்லை.

மூக்கோரச் செதில் ஐந்தாம் நாளே இரண்டு பக்கமும் அடங்கியது. பூசும்போது லா மேர் வழவழப்பு, நிவியா கொஞ்சம் பிசுபிசுப்பு. காலையில் கண்ணாடியில் எந்தப் பக்கம் எது என்று சொல்ல முடியவில்லை. மங்கு இம்மியும் குறையவில்லை, அதற்கு சன்ஸ்கிரீன்தான். கண்ணோரக் கோடு விடியலில் தளர்ந்து சாயங்காலம் திரும்பிவிடும், ஏனென்றால் நிரம்பியது வெறும் ஈரம். மாசிக்குப் பிறகு வியர்வையோடு சேர்ந்து இரு பக்கமும் பொரிப்பொரியாக வந்ததால் நெற்றிப் பக்கம் போகாமல் கன்னத்தோடு நிறுத்த வேண்டியிருந்தது.

உண்மையான மாற்றம் வந்தது வேறிடத்தில். உப்புத் தண்ணியில் சோப்பு போட்டால் சுண்ணாம்போடு சேர்ந்து தோலில் படிந்துவிடும். சோப்பை விட்டு மிதமான ஃபேஸ்வாஷுக்கு மாறியதும் தோலின் இறுக்கம் பாதி குறைந்தது.

வாங்கியே தீரணும்ங்கிறவங்க 15 மில்லி டப்பாவோடு ஆரம்பிங்க. லிமோனீன், லினலூல் என வாசனைச் சேர்மங்கள் இருக்கின்றன. முழங்கை மடிப்பில் காலையும் மாலையும் 7 நாள் தடவிப் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போங்க.