நந்தி மலை அடிவாரத்து ஒயின்கள்: குரோவர் ஸாம்பாவுக்கு என் மதிப்பெண்கள்

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தொட்டபள்ளாபுரத்துக்கு அருகே, நந்தி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது குரோவர் ஸாம்பா ஒயின் ஆலை. லா ரிசர்வ் என்ற சிவப்பு ஒயினால்தான் அதன் பெயர் வெளியே பரவியது. அந்தப் புகழுக்கு அது தகுதியானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், அந்த மண்ணும் அந்த உயரமும் எதை மிகச் சிறப்பாகத் தருகின்றன என்று என்னைக் கேட்டால், வியோன்யே என்ற வெள்ளைத் திராட்சையைத்தான் முதலில் சொல்வேன். கீழே வரும் மதிப்பெண்கள் பத்துக்கு எத்தனை என்ற கணக்கில், நம் வீட்டுச் சாப்பாட்டோடு அந்த ஒயின் எப்படி ஒத்துப்போகிறது என்பதையும் சேர்த்து இடப்பட்டவை.

ஆலையை நிறுவிய கன்வல் குரோவர் 1980களில், பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஒயின் வல்லுநர் ஜார்ஜ் வெஸ்ஸெலின் துணையோடு, பிரெஞ்சுத் திராட்சை வகைகள் இந்திய மண்ணில் எங்கே நன்றாக வரும் என்று தேடிப் பார்த்து, இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1990களின் நடுப்பகுதியில் பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயின் வல்லுநர் மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்து சேர்ந்தார். ஸாம்பா என்ற பெயரில் ஒயின் தயாரித்துவந்த, நாசிக்கைச் சேர்ந்த வாலே த வான் நிறுவனத்தோடு 2012இல் இணைந்த பிறகுதான் பெயரில் ஸாம்பா ஒட்டிக்கொண்டது.

தேர்ந்தெடுத்த காரணம் தோட்டத்தில் நடந்தாலே விளங்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் பகல் எவ்வளவு காய்ந்தாலும் இரவில் குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிர்ச்சிதான் பழத்தில் சர்க்கரை ஏறும்போதே புளிப்பு முழுவதும் கரைந்துபோகாமல் காப்பாற்றுகிறது. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி தானாகவே உறங்கிவிடும். இங்கே அது உறங்குவதில்லை என்பதால், ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, ஒரே ஒரு விளைச்சலை மட்டும் பழுக்க விடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் படர்ந்து, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் காய்க்கும் பன்னீர் திராட்சையைப் பார்த்துப் பழகிய நமக்கு, கம்பி வேலியில் இடுப்பளவு உயரத்தில் கட்டப்பட்டு, சிறு மணிகளாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் இந்தப் பழங்கள் ஏமாற்றமாகக்கூடத் தோன்றலாம். ஆனால் ஒயினுக்கு வேண்டியது இதுதான். மணி சிறிதானால் சாற்றுக்கு ஈடாகத் தோலின் பங்கு கூடும். நிறமும் துவர்ப்பும் பெருமளவு தோலிலிருந்தே வருகின்றன.

சுவைக்கும்போது வெள்ளையிலிருந்து தொடங்கிச் சிவப்புக்குப் போவதுதான் முறை. ஆர்ட் கலெக்‌ஷன் வரிசையில் சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின் முதலில் வந்தது. கொய்யாவும் பச்சை மிளகாயின் தோலும் கலந்த மணம். நாக்கின் ஓரங்களில் கூர்மையான புளிப்பு. புளிக்குழம்போடு பெரும்பாலான ஒயின்கள் சப்பென்று ஆகிவிடும். இதற்குத் தன்னிடமே போதிய புளிப்பு இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. தொண்டையில் இறங்கியபின் சுவை சற்றுச் சீக்கிரமே மறைந்துவிடுவதால் 7 கொடுத்தேன்.

அதே வரிசையின் வியோன்யே வேறு தரம். குவளையை மூக்கருகே கொண்டுவரும்போதே பீச் பழமும் ஆரஞ்சுப் பூவும் மணக்கின்றன. மணத்தை வைத்து இனிப்பாக இருக்கும் என்று எண்ணி வாயில் வைத்தால், இனிப்பே இல்லாமல், மெல்லிய எண்ணெய்ப் பதத்தோடு நாக்கு முழுவதும் படர்கிறது. வியோன்யேவின் இயல்பான குறை, வெப்பமான இடங்களில் அதன் புளிப்பு விழுந்துபோய்க் கனம் மட்டும் எஞ்சுவது. இங்கே இரவுக் குளிர் அந்தக் குறையைப் பெரிதும் தவிர்த்திருக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றிய சொதியோடும், காரம் குறைந்த மீன் மொய்லியோடும் இதைவிடப் பொருத்தமான இந்திய ஒயினை நான் குடித்ததில்லை. 8.

விஜய் அமிர்தராஜ் ரிசர்வ் கலெக்‌ஷன் என்ற பெயரில் வரும் வெள்ளையும் வியோன்யேதான். சென்னையின் டென்னிஸ் வீரர் பெயரைத் தாங்கியிருப்பதால் இதை விளம்பரத்துக்காக ஒட்டிய சீட்டு என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். ஓக் மரப் பீப்பாயின் துணையால் இதில் பீச் மணம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, வறுத்த முந்திரியும் லேசான வெண்ணிலாவும் முன்னே வருகின்றன. மரத்தின் வாசனை பழத்தை விழுங்கிவிடுவதுதான் நம் நாட்டு விலையுயர்ந்த ஒயின்கள் பலவற்றில் நான் காணும் தொல்லை. இதில் பழம் விட்டுக்கொடுக்கவில்லை. குடித்து முடித்து நெடுநேரம் கழித்தும் வாயில் சுவை நின்றது. அன்றைய சுவைப்பில் இதற்கே அதிகம்: 8.5. அதே பெயரில் வரும் சிவப்பும் நன்றாகவே இருந்தது, 7.5. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எனக்குத் தயக்கம் இருக்காது.

ஷிராஸ் என்ற கருந்திராட்சையில் செய்த இளஞ்சிவப்பு ஒயின் ஷிராஸ் ரோஸே. அழகான நிறம், ஸ்ட்ராபெர்ரி மணம், நண்பகல் பிரியாணிக்கு ஏற்ற துணை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. 6.5.

இனி லா ரிசர்வ். கேபர்னே சாவின்யோன் என்ற கருந்திராட்சையும் ஷிராஸும் கலந்து, பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் வைத்து எடுக்கப்படும் ஒயின் இது. கருப்பு பிளம்ஸ், மிளகு, சுருட்டுப் பெட்டியைத் திறந்தால் வரும் காய்ந்த மரவாசனை என மணம் அடுக்கடுக்காக வருகிறது. ஊற்றி அரை மணி நேரம் காற்றோடு விட்டால் இன்னும் விரிகிறது. துவர்ப்பு இருக்கிறது, ஆனால் ஈறுகளை இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு இல்லை. செட்டிநாட்டு மிளகுக் கோழியோடு இதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரம் கூடக்கூடச் சிவப்பு ஒயினின் துவர்ப்பும் மதுவின் எரிச்சலும் இரட்டிப்பாகத் தெரியும். மெல்லிய மசாலாவில் நெய்விட்டு வதக்கிய ஆட்டிறைச்சிக்கு இது பொருந்தும், ஏனெனில் கொழுப்பு துவர்ப்பை அடக்கும். 7.5 என்ற மதிப்பெண் குறைவாகத் தோன்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இது குறையில்லாத ஒயின்தான். ஆனால் இதே வகைக் கலவையை உலகின் பல ஊர்கள் இதே நேர்த்தியோடு செய்கின்றன. வியோன்யேவைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த மதிப்பெண்கள் அனைத்தும் சரியான குளிர்ச்சியில் குடித்தால் மட்டுமே செல்லும். சாவின்யோன் பிளாங்க் 8 முதல் 10 டிகிரி, வியோன்யே 10 முதல் 12, சிவப்பு 16 முதல் 18. சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கல்வீடுகளுக்காகச் சொல்லப்பட்டது. நம்மூர் மே மாத அறையில் 30 டிகிரியைத் தாண்டிய லா ரிசர்வ் சாராய நெடி அடிக்கும். குடிப்பதற்கு முன் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பதில் தவறே இல்லை.

செல்கிறவர்களுக்கு இரண்டு செய்திகள். வண்டி ஓட்டுபவர் வாயில் சுழற்றிப் பார்த்துவிட்டு முழுவதையும் வாளியில் துப்பிவிட வேண்டும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஒயின் சுவைப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். வாங்குவதை அங்கேயே வாங்குவது நல்லது. நகரத்துக் கடை ஒன்றில், வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த வியோன்யேவை வாங்கித் திறந்தபோது, பீச் மணம் இருந்த இடத்தில் வெந்த ஆப்பிளின் வாடைதான் இருந்தது. கடையில்தான் வாங்கியாக வேண்டும் என்றால், அலமாரியில் முன்வரிசையில் நிற்கும் புட்டியை விட்டுவிட்டு, உள்ளே இருட்டில் கிடக்கும் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வெள்ளையாக இருந்தால் அண்மைய ஆண்டின் அறுவடைதானா என்பதையும் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.