பழைய ரிவால்வரில் தோட்டா: நான்கு வழிகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது கோல்ட் 1860 ஆர்மி, ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி என்ற ரிவால்வர்கள் லட்சக்கணக்கில் புழக்கத்தில் இருந்தன. அறை அறையாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இடித்து இறக்கி, பின்னால் கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி) மாட்டிச் சுடுகிற ரகம். உலோகத் தோட்டா வந்தபிறகு இந்த வேலைக்கு யாருக்குப் பொறுமை இருக்கும்?

தோட்டாவைப் பின்பக்கமாகப் போட, சுழலும் உருளையான சிலிண்டரின் அறைகளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துளைக்க வேண்டும். அந்த யோசனைக்கு ரோலின் வைட் 1855-இல் வாங்கிய காப்புரிமை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற போட்டி நிறுவனத்தின் வசம் இருந்தது. 1869 ஏப்ரல்வரை அது செல்லும்.

ரெமிங்டன் நேர்வழியில் போனது. 1868-இல் காப்புரிமைக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, சின்சினாட்டி வியாபாரி கிட்ரிட்ஜுக்காகச் சுமார் 4,500 ரிவால்வர்களை .46 ரிம்ஃபயருக்கு (விளிம்பில் பற்றுமருந்து இருக்கும் தோட்டா) மாற்றிக் கொடுத்தது. அந்தத் தடித்த தோட்டா ஆறு அடங்காது என்பதால் ஐந்து அறைதான். ரிம்ஃபயர் தோட்டாவைச் சுட்டபிறகு மறுபடி நிரப்பவும் முடியாது. கடை பக்கத்தில் இல்லாத ஊரில் இது பெரிய குறை.

கோல்ட் சுற்றுவழியில் போனது. அங்கே வேலை பார்த்த தூவர் 1868 செப்டம்பரில் காப்புரிமை வாங்கிய அமைப்பில், பின்னால் குறுகும் தோட்டாவை முன்பக்கமாகச் செருகி, பழைய இடிகோலாலேயே அழுத்த வேண்டும். சிலிண்டருக்குப் பின்னால் ஒரு வளையம். அதை ஒரு பக்கம் திருப்பினால் சுடலாம். E எழுத்துப் பக்கம் திருப்பிச் சுத்தியை விழவிட்டால், காலித் தோட்டா முன்னால் துள்ளி விழும். அப்புறம் அடுத்த அறை, மறுபடி சுத்தி. சிலிண்டரை மாற்றிப் போட்டால் பழையபடி கேப் போட்டும் சுடலாம். மூளையைப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் குளிரில் விறைத்த விரலோடு ஒருவர் இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். மொத்தம் 5,000 அளவில்தான் செய்தார்கள்.

காப்புரிமைப் பூட்டுத் திறந்தபிறகு வந்தது கோல்ட்டின் ரிச்சர்ட்ஸ் செய்த முறை, 1871. சிலிண்டரின் பின்பகுதியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ஒரு தட்டு. வலப்பக்கம் சிறு கதவு, இடிகோல் இருந்த இடத்தில் காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பி. .44 சென்டர்ஃபயர் (பற்றுமருந்து அடியின் நடுவில் இருக்கும் தோட்டா) என்பதால் தோட்டாவை மறுபடி நிரப்பலாம். ராணுவமும் ஆயிரத்துக்கு மேல் மாற்றி வாங்கிக்கொண்டது. ஒரே சிக்கல், சுடும் ஊசி தட்டுக்குள் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருந்தது. சின்ன பாகங்கள் அதிகம்.

1872-இல் அதே கோல்ட்டின் மேசன் ஊசியைத் தூக்கிச் சுத்தியிலேயே வைத்துவிட்டார். தள்ளுகம்பியையும் எளிதாக்கினார். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் ரிச்சர்ட்ஸ்-மேசன் என்பேன். 1873-இல் வந்த புகழ்பெற்ற கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மியிலும் சுத்தியில்தான் ஊசி. தூவரைப் போல இரண்டு பக்கமும் கால் வைக்காமல், கேப்பை அடியோடு விட்டதால்தான் இந்த வழி இவ்வளவு சுத்தமாக அமைந்தது.

இதே போட்டி இன்றும் இத்தாலியில் செய்யும் நகல் ரிவால்வர்களில் தொடர்கிறது. அவற்றில் தோட்டா போடுவதற்கான மாற்றுச் சிலிண்டர்களில் ஹவல், கர்ஸ்ட் என்று இரண்டு ரகம். ஹவல் சிலிண்டரின் பின்மூடியில் அறைக்கு ஒன்றாக ஆறு ஊசிகள். தோட்டா போட ஒவ்வொரு முறையும் சிலிண்டரைக் கழற்ற வேண்டும், ஆனால் சட்டகத்தை வெட்ட வேண்டியதில்லை. கர்ஸ்ட்டில் நிலையான வளையம், ஒரே ஊசி, ரிச்சர்ட்ஸ் போலக் கதவு. அந்தக் கதவு வழியாகத் தோட்டா போக வேண்டுமானால் சட்டகத்தில் வழி வெட்ட வேண்டும். அடிக்கடி சுடுபவருக்குக் கர்ஸ்ட், துப்பாக்கியில் கை வைக்க மனமில்லாதவருக்கு ஹவல். எதுவானாலும் பித்தளைச் சட்டகத்தில் பொருத்தவே கூடாது, அழுத்தம் குறைந்த தோட்டாதான் போட வேண்டும்.

ரெமிங்டன் நகலுக்கான .45 சிலிண்டரில் ஹவல் அறைகளைச் சற்றே சாய்த்துத் துளைத்து ஆறு தோட்டாக்களை அடக்கிவிட்டார்கள். கர்ஸ்ட்டில் 1868-இல் இருந்தது போலவே ஐந்துதான்.