பறவைக்குக் கிம்பல், தும்பிக்குப் பால் ஹெட்

வடுவூர் ஏரிக்கரையில் 600 மி.மீ. லென்ஸைப் பால் ஹெட்டில் (முக்காலியின் உச்சியில் கேமராவைத் தாங்கும் உருண்டை மூட்டுத் தலை) மாட்டி நின்றால் கை ஓய்ந்துபோகும். திருகைத் தளர்த்தியதுமே லென்ஸ் தலைகுப்புறச் சாய்கிறது. பிடித்து இறுக்குவதற்குள் நத்தைகுத்தி நாரை பறந்துவிடுகிறது. கிம்பல் எனும் ஊஞ்சல் போன்ற முக்காலித் தலையிலோ எடை மையத்தை ஒருமுறை பொருத்திவிட்டால், விட்ட இடத்திலேயே லென்ஸ் நிற்கும். ஒரு விரலால் தள்ளியே பறவையைத் தொடரலாம். விலையும் கனமும் கூடுதல்தான். இருந்தாலும் பறவைக்கு அதையே சொல்வேன்.

வயல் வரப்பில் நிலைமை வேறு. நெற்தாளில் பனித்துளி போர்த்திய தும்பியை 1:1 அளவில், அதாவது சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழும்படி எடுக்கும்போது, கூர்மை மில்லிமீட்டர் கணக்கில்தான் கிடைக்கும். காலர் (லென்ஸை முக்காலித் தலையில் பொருத்தும் வளையம்) இல்லாத மேக்ரோ லென்ஸைப் பக்கவாட்டில் சாய்க்கக் கிம்பலில் வழியில்லை. பால் ஹெட் எந்தப் பக்கமும் வளையும். ஆனால் இறுக்கியதும் இம்மியளவு இறங்கும். அதனால் சற்று மேலே குறிவைத்தே இறுக்குகிறேன்.